கச்சான் போடுறதோ, உழுந்து போடுறதோ?

புரட்டாதி முடிகிற நாட்களில் வன்னியில் எந்தத் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தாலும் காதில் விழுவது ஒரே கேள்விதான். முள்ளியவளைப் பக்கம் கச்சானைப் பற்றி, வவுனியாவில் உழுந்தைப் பற்றி, கிளிநொச்சியில் எந்த நெல் இனம் என்பதைப் பற்றி. "நீ என்ன போடப்போறாய்?" கேட்கிறவர் சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோலத்தான் கேட்பார். மற்றவர் "இன்னும் யோசிக்கேல்லை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை உறிஞ்சுவார். உண்மையில் இரண்டு பேரும் யோசித்து முடித்தவர்கள். விதைகூட வாங்கி வீட்டில் வைத்திருப்பார்கள். ஆனால் மற்றவன் வாயைத் திறக்குமுன் தன் முடிவைச் சொல்ல ஒருவருக்கும் மனம் வராது.

ஒளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கச்சானுக்குப் போன வருடம் நல்ல விலை போனது என்று வையுங்கள். அதைப் பார்த்து ஊர் முழுக்கக் கச்சான் போட்டால், பிடுங்கி ஆய்கிற காலத்தில் மூட்டைகள் குவியும். வியாபாரி வாய்க்கு வந்த விலையைச் சொல்வார். அடிபட்டவர்கள் அடுத்த முறை உழுந்துக்கு மாறுவார்கள். கச்சான் குறையும், விலை ஏறும். ஏறின விலையைக் கண்டு மறுபடியும் எல்லோரும் கச்சானுக்கு ஓடுவார்கள். விலையும் விளைச்சலும் ஒன்றையொன்று துரத்துகிற இந்தச் சுற்றைப் பொருளியலாளர்கள் 1930களிலேயே கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். வரைந்து பார்த்தால் சிலந்திவலைபோல வரும். 1934இல் நிக்கலஸ் கால்டோர் அதற்குச் சிலந்திவலைத் தேற்றம் என்றே பெயர் வைத்தார். (முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ்ஸுக்குள் ஏறி விற்கிற பொட்டலக் கச்சான் மட்டும் இந்தத் தேற்றத்துக்குக் கட்டுப்படுவதாகத் தெரியவில்லை. அங்கே விலை இறங்கி நான் பார்த்ததில்லை.)

அந்தத் தேற்றத்தில் எனக்கொரு மனக்குறை. அதில் வருகிற கமக்காரன் போன வருட விலையை மட்டும் பார்த்து விதைக்கிற அப்பாவி. வன்னியில் அப்படி ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். இங்கே உள்ளவர்கள் இரண்டு படி மேலே போய் யோசிப்பவர்கள். "போன வருசம் கச்சானுக்கு நல்ல விலை. இந்த முறை எல்லாரும் அதைத்தான் போடுவினம். அப்ப நான் உழுந்து போடுறன்." கெட்டித்தனமான யோசனைதான். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரும் அதே கெட்டித்தனத்தோடு அதே யோசனையைப் பண்ணிக்கொண்டிருப்பதுதான் சிக்கல்.

1994இல் பிரையன் ஆர்தர் என்ற பொருளியலாளர் இந்தச் சிக்கலை ஒரு மதுக்கடையை வைத்து விளக்கினார். அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் எல் ஃபரோல் என்று ஒரு கடை. வியாழக்கிழமை இரவுகளில் அங்கே பாட்டுக் கச்சேரி. நூறு பேருக்குப் போக விருப்பம். அறுபது பேருக்கு மேல் போனால் நெரிசலில் ஒருவருக்கும் சுகமில்லை. போவதா வீட்டில் இருப்பதா என்று ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டும். இன்றைக்குக் கூட்டம் இராது என்று எல்லோரும் நம்பினால் எல்லோரும் போவார்கள், கூட்டம் நெரியும். கூட்டமாக இருக்கும் என்று எல்லோரும் நம்பினால் ஒருவரும் போகார், கடை காலியாகக் கிடக்கும். எல்லோரும் ஒரே கணிப்பை நம்பினால் அந்தக் கணிப்பு தன்னைத்தானே பொய்யாக்கிவிடும். வானிலை அறிவிப்பு அப்படியில்லை. மழை வரும் என்று ஊர் முழுவதும் நம்பினாலும் நம்பாவிட்டாலும் மழை தன்பாட்டில் பெய்யும். கச்சான் விலை தன்பாட்டில் ஏறி இறங்காது. அதைக் கணிக்கிறவர்களே அதை ஆக்குகிறார்கள்.

வன்னியில் கமம் செய்வதன் முழுக் கஷ்டமும் இந்த இடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது. பூச்சிக்கு மருந்து உண்டு, வரட்சிக்குக் குளம் உண்டு. தானும் ஒரு காயாக நிற்கிற பலகையைத் தானே வெளியில் நின்று பார்த்து முடிவெடுக்கச் சொன்னால் ஒருவர் என்ன செய்வார்?

கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது புதிதில்லை. தட்டுக்குள் இறங்குகிற பிள்ளைக்குத் தெரிவது முன்னால் குறுக்குக் கோட்டில் கையை விரித்துக்கொண்டு நிற்கிற ஆள் மட்டும். அந்த ஆள் தன் கோட்டை விட்டு வரமாட்டார். நடுக்கோட்டில் ஓடித் திரிகிற கிளி எந்தப் பக்கமிருந்து வந்து முதுகில் தட்டும் என்று உள்ளே நிற்கிறவருக்குத் தெரியாது. வெளியே வேலியோரம் நின்று பார்க்கிற சின்னப் பொடியனுக்கு எல்லாம் தெரியும். எந்தப் பெட்டி காலி, கிளி எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பாய்ந்தால் தப்பலாம், எல்லாம். அவன் பொறுக்கமாட்டாமல் "வலப்பக்கம் பாய், வலப்பக்கம்!" என்று கத்துவான். கத்தியது மறிக்கிறவர் காதிலும் விழும். அவர் வலப்பக்கம் நகர்வார். அந்த நொடியோடு வலப்பக்கம் காலியில்லை. வெளியில் நின்ற பொடியனும் ஆட்டத்துக்குள் வந்தாயிற்று.

இன்னொரு ஆட்டம் இருக்கிறது. உலகம் முழுவதும் முகாமைத்துவ வகுப்புகளில் ஆடுவது. 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபொரெஸ்டரின் வழியில் வந்தவர்கள் உருவாக்கியது; பீர் ஆட்டம் என்று பெயர். நாலு பேர் ஒரு வரிசையில் இருப்பார்கள்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகத்தர், வடிசாலைக்காரர். வாரத்துக்கு ஒருமுறை தனக்கு மேலே உள்ளவரிடம் எத்தனை பெட்டி வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பேசக்கூடாது. கேட்ட சரக்கு வந்துசேரச் சில வாரம் செல்லும். கடைக்கு வருகிற வாடிக்கையாளரின் தேவை சில்லறைக்காரருக்கு மட்டும் தெரியும். அந்தத் தேவை முதல் நாலு வாரமும் நாலு பெட்டி. ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டு. பிறகு கடைசிவரை எட்டேதான்.

மாறுவது ஒரே ஒரு தடவை. அதற்குள் நடக்கிற அமர்க்களத்தைப் பார்க்க வேண்டும். சரக்குத் தீர்ந்துபோகிறது, பயத்தில் இரட்டிப்பாகக் கேட்கிறார்கள், வராததால் இன்னும் கூடக் கேட்கிறார்கள், பிறகு எல்லாம் ஒன்றாக வந்து குவிகிறது. வரிசையில் மேலே போகப் போக ஆட்டம் கூடும். வடிசாலைக்காரர் பாடு அந்தோ. ஜோன் ஸ்டேர்மன் இந்த ஆட்டத்தின் முடிவுகளை 1989இல் ஆராய்ந்து எழுதினார். ஆடி முடிந்ததும் ஆடியவர்களிடம் வாடிக்கையாளரின் தேவை எப்படி இருந்திருக்கும் என்று வரையச் சொன்னால், பெரும்பாலானோர் மலையும் பள்ளமுமாக ஏறி இறங்குகிற ஒரு கோட்டை வரைவார்கள். வாடிக்கையாளர்தான் நிலையில்லாமல் ஆடினார், எங்களை ஆட்டினார் என்பது அவர்கள் முறைப்பாடு. ஒரே ஒரு படிதான் இருந்தது என்று உண்மைக் கோட்டைக் காட்டும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமாம். அலையைக் கிளப்பியவர்கள் அவர்களே. ஆனால் ஒவ்வொருவரும் தன் இடத்தில் இருந்து பார்த்தபோது அலை வெளியிலிருந்து வருவதாகத்தான் தெரிந்தது.

மாசியில் வன்னி வயல்களில் நடப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். காலபோக நெல் வெட்டு தொடங்கும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே கிழமைகளில் விதைத்தவர்கள். ஆகவே வெட்டுவதும் ஒரே கிழமைகளில். வெட்டு மெசினுக்குப் போட்டி, காயவைக்கத் தெருவோரத்துக்குப் போட்டி, வைக்கக் களஞ்சியமில்லை, கடன்காரன் வாசலில். ஈரநெல்லை வந்த லொறிக்கே கொடுத்துவிட வேண்டியதுதான். விலை விழும். "வியாபாரிமார் சேர்ந்து விழுத்திப்போட்டாங்கள்" என்பார்கள். வியாபாரிகள் யோக்கியர்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் விழுந்ததில் ஒரு பங்கு, எல்லோரும் ஒரே நாளில் விற்க நின்றதாலும் வந்தது.

2025இல் அரசாங்கம் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது. நாடு கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. அறிவித்தது பெப்ரவரியில். அந்த நெல்லை விதைப்பது என்ற முடிவு ஐப்பசியில் எடுக்கப்பட்டது. விலை எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில், முடிவெடுத்து நாலு மாதம் கழித்து வருகிறது.

36 அடி

இதே மண்ணில், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் விதைப்பதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கிறது. அதுதான் இரணைமடு.

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920 வாக்கில் முடிந்தது. இன்றைக்கு அதன் கீழ் ஏறக்குறைய 21,000 ஏக்கர் வயல். கிளிநொச்சியில் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டாலும் குளத்தில் இப்போது எத்தனை அடி தண்ணீர் என்று சொல்லும். கார்த்திகை மார்கழியில் இது ஊர்ச் செய்தி, பத்திரிகைச் செய்தி, பேஸ்புக் செய்தி. முன்பு 34 அடி வரை தேக்கலாம். அண்மைய புனரமைப்பில் அணைக்கட்டை உயர்த்தி அதை 36 அடியாக்கினார்கள். கொள்ளளவு 106,500 ஏக்கர் அடியிலிருந்து ஏறக்குறைய 119,500க்குக் கூடியது.

காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளம்தான். வறண்ட வலயத்தில் சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு நாலு ஐந்து ஏக்கர் அடி தண்ணீர் வேண்டும் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். குளம் வாய்முட்ட நிறைந்திருந்தாலும் 21,000 ஏக்கருக்கு மட்டுமட்டு. வெயில் குடிப்பதையும் வாய்க்காலில் கசிவதையும் கழித்தால் காணாது. ஆகவே ஒவ்வொரு சிறுபோகத்துக்கு முன்னும் ஒரு கூட்டம். மாவட்டச் செயலாளர் தலைமையில் நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தார், கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகள், பின்வரிசையில் முழங்கையால் இடித்துக்கொண்டு நிற்கிற கமக்காரர்கள்.

அந்தக் கூட்டத்தில் தீர்மானிப்பவை: இந்த முறை எத்தனை ஏக்கர், யாருடைய காணிக்கு எவ்வளவு பங்கு, எந்த வயதுடைய நெல், முதல் தண்ணீர் எந்தத் திகதி, கடைசித் தண்ணீர் எந்தத் திகதி, மாடுகளை எந்தத் திகதிக்குள் கட்ட வேண்டும். அமைதியாக நடக்கிற கூட்டமென்று நினைத்துவிடாதீர்கள். மேல்வாய்க்கால்காரர் மேலதிகமாக விதைக்கிறார்கள், பம்பு வைத்து இறைக்கிறார்கள் என்று கடைவாய்க்கால்காரர் எழும்புவார். முரசுமோட்டை, ஊரியான் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் போய்ச்சேர எத்தனை துருசு, எத்தனை மடை, எத்தனை ஆசை தாண்ட வேண்டும் என்பது அங்கே கமம் செய்பவருக்குத்தான் தெரியும். போன முறை பங்கில் நடந்த பிழை இந்த முறை பேசப்படும். மைக் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதற்குள் மூன்று பேர் பேசியிருப்பார்கள்.

சத்தத்தை விடுங்கள். கச்சான்காரருக்கு இல்லாத இரண்டு சங்கதி அங்கே இருக்கின்றன. எல்லோரும் ஏற்றுக்கொள்கிற ஒரு அளவுகோல் குளக்கட்டில் நிற்கிறது. அடிக்கணக்கை ஒருவரும் மறைக்க முடியாது. மற்றது, ஆட்டக்காரர் எல்லோரும் விதைக்குமுன் ஒரே மண்டபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தேத்தண்ணிக் கடையில் "யோசிக்கேல்லை" என்று சொன்ன அதே ஆள் இங்கே எழும்பி நின்று தன் ஏக்கரைச் சொல்லியாக வேண்டும்.

1968இல் கரெட் ஹார்டின் பொதுச் சொத்தின் அவலம் பற்றி எழுதியபோது, பொது மேய்ச்சல் தரையில் ஒவ்வொருவரும் ஒரு மாட்டைக் கூட விடுவார், கடைசியில் தரை அழியும் என்றார். எலினோர் ஒஸ்ட்ரம் உலகம் முழுவதும் வாய்க்கால்களையும் மீன்பாடுகளையும் காடுகளையும் தேடிப் பார்த்து, பல இடங்களில் அப்படி நடக்கவில்லை, ஆட்களே கூடிச் சட்டம் போட்டுக் காவலும் காக்கிறார்கள் என்று காட்டினார். அதற்காக 2009இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் 1990இல் எழுதிய நூலில் இலங்கையும் வருகிறது. நன்றாக நடந்த இடமும், கெட்டுப்போன இடமும்.

நன்றாக நடந்தது கல்லோயா. அங்கே நடந்த ஒன்றை இரணைமடுக் கூட்டத்தில் யாராவது ஒருமுறை வாசித்துக் காட்டினால் நல்லது. 1980களின் தொடக்கத்தில் அங்கே வாய்க்கால் வாய்க்காலாகக் கமக்காரர் குழுக்கள் அமைக்கப்பட்டன. அந்த வேலையில் முன்நின்ற கோர்னெல் பல்கலைக்கழகத்து நோர்மன் அப்ஹொஃப் பிறகு அதைப் பற்றி விரிவாக எழுதினார். 1997 சிறுபோகத்தில் குளத்தில் நெல்லுக்குப் போதிய தண்ணீர் இல்லை என்று அதிகாரிகள் கணக்குக் காட்டினார்கள். கமக்காரர்கள் இருக்கிற தண்ணீரைப் பகிர்ந்துகொண்டார்கள். மேலே சிங்களக் கமக்காரர், கீழே தமிழ்க் கமக்காரர்; போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு. 65,000 ஏக்கரில் வழமையைவிடக் கூடிய விளைச்சல் எடுத்தார்கள்.

பொறியியலாளரின் கணக்குப் பிழையென்று சொல்ல மாட்டேன். வழக்கமாகத் தண்ணீரை விரயமாக்குகிற விதத்தில் பயன்படுத்தினால் காணாது என்பது சரியான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கைக் கேட்டவர்களே அந்தக் கணக்கில் ஒரு இலக்கம். கேட்டதும் அவர்கள் நடக்கிற விதம் மாறியது, இலக்கம் மாறியது.

கதவைத் திறப்பதா, பொறுப்பதா

குளத்தில் அளவுகோல் இருப்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2018 மார்கழியைக் கிளிநொச்சியில் ஒருவரும் மறக்கவில்லை. புனரமைப்பு முடிந்து உயர்த்திய மட்டத்துக்குக் குளம் நிறைந்திருந்த நேரம். டிசம்பர் 21 இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம். வான்கதவுகளை நேரத்துக்குத் திறக்கவில்லை என்று குற்றச்சாட்டு எழுந்தது. எதிர்பாராத பெருமழை என்று மறுதரப்பு சொன்னது. ஆளுநர் விசாரணைக் குழு அமைத்தார்.

யார் பிழை என்பதை இந்தக் கட்டுரை தீர்க்கப்போவதில்லை. அந்தக் கதவின் பக்கத்தில் நிற்கிற ஆளின் இடத்தில் நின்று பார்க்கத்தான் சொல்கிறேன். மார்கழியில் குளம் நிறைந்து நிற்கிறது. முன்கூட்டித் திறந்துவிட்டு மழை பொய்த்தால், "எங்கட சிறுபோகத் தண்ணியைக் கடலுக்கு விட்டவர்" என்று பங்குனிக் கூட்டத்தில் எழும்புவார்கள். பொறுத்திருந்து மழை கொட்டினால் தாழ்ந்த ஊர்கள் போகும். அவர் பார்ப்பது அளவுகோலையும் மேகத்தையும் மட்டுமல்ல; பங்குனிக் கூட்டத்தில் தன்னைப் பார்க்கப்போகிற முகங்களையும் சேர்த்துத்தான். அடியைக் கூட்டிக் கட்டியது நல்ல வேலைதான். ஆனால் இரண்டு அடி கூடத் தேக்கலாம் என்று தெரிந்த பிறகு, அந்த இரண்டு அடியைத் தேக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்து ஏறிவிட்டது. அணைக்கட்டை உயர்த்தியபோது ஆட்களின் மனத்திலும் ஒரு மட்டம் உயர்ந்தது. அதற்கு அளவுகோல் கிடையாது.

யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிற திட்டத்தில் நடந்ததும் இதே சங்கதிதான். 2011இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு தொடங்கிய அந்தத் திட்டம் இரணைமடுவையே நம்பியிருந்தது. அணைக்கட்டை உயர்த்தினால் இரண்டு பக்கத்துக்கும் தண்ணீர் போதும் என்றார்கள். கிளிநொச்சிக் கமக்காரர் ஒப்பவில்லை. கடைசியில் யாழ்ப்பாணத்துக்குக் கடல்நீரைக் குடிநீராக்குவதென்று முடிவாகி, தாளையடி நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கமக்காரருக்குச் சுயநலம் என்று யாழ்ப்பாணத்தில் அந்த நாளில் நிறையப் பேர் பேசினார்கள். எனக்கு அது சுயநலமாக மட்டும் தெரியவில்லை. குளத்தின் பங்காளிகள் எல்லோரும் கூட்டத்துக்கு வந்து, வரட்சியில் எல்லோரும் குறைத்து, பெருக்கில் எல்லோரும் கூட்டிக்கொள்பவர்கள். வரட்சியென்றும் பெருக்கென்றும் பாராமல் நாள்தோறும் தண்ணீர் எடுக்கப்போகிற, கூட்டத்தில் முகம் காட்டாத ஒரு புதுப் பங்காளியை நம்புவதற்கு அவர்களிடம் என்ன ஆதாரம் இருந்தது?

விதியை மாற்றுகிறவர்

இதுவரை ஆட்டக்காரர்களைப் பற்றியே பேசினோம். விதியை எழுதுகிறவரும் உள்ளே நிற்கிறவர்தான் என்பதை வன்னி இரண்டு மூன்று தடவை உடம்பால் படித்திருக்கிறது.

விசுவமடுவையும் முத்தையன்கட்டையும் எடுங்கள். 1960களில் டட்லி சேனநாயக்க அரசு படித்த இளைஞர்களைக் குடியேற்றிய திட்டங்கள் அங்கே வந்தன. 1970இல் வந்த சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காயம் உள்ளிட்டவற்றின் இறக்குமதியை இறுக்கியது. செத்தல் மிளகாய்க்கு வந்த விலையில் அந்த இளைஞர்கள் கல்வீடு கட்டினார்கள், உழவு மெசின் வாங்கினார்கள். வன்னிக் காட்டில் மிளகாய் போட்டுப் பணக்காரனானவன் கதை யாழ்ப்பாணத்தில் கல்யாணப் பேச்சுவரை வந்தது. 1977இல் ஜே.ஆர். அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. விலை சரிந்தது. மிளகாய் போட்டவரின் உழைப்பிலோ மண்ணிலோ தண்ணீரிலோ ஒரு குறையுமில்லை. கொழும்பில் ஒரு கையெழுத்து.

2020இல் டொலர் தட்டுப்பாட்டில் உழுந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது அதே படம் மறுபடி ஓடியது. விலை ஏறியது, வவுனியாவில் உழுந்துக்கு மவுசு வந்தது. எழுபதுகளின் மிளகாயை நினைவில் வைத்திருந்த முதியவர்கள், "கதவு திறக்கிற நாளையும் யோசிச்சுப் போடு" என்று சொல்லியிருப்பார்கள். அடுத்த வருடமே அடுத்த கையெழுத்து: 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. காலபோக விதைப்புக்குள் நின்ற கமக்காரன் பசளையில்லாமல் வயலைப் பார்த்து நின்றான். விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடை நீங்கியது, அந்தப் போகத்துக்கு அது பிந்திப்போனது. நாட்டை ஒரு வரைபடமாக மேலிருந்து பார்த்து எடுத்த முடிவு அது. எடுத்த ஜனாதிபதி, தான் வரைபடத்துக்கு வெளியில் நிற்பதாக எண்ணியிருந்தார். 2022 ஆடியில் அவர் எங்கே போய் நின்றார் என்பது உலகத்துக்குத் தெரியும்.

மற்றவரைப் பார்த்து முடிவெடுப்பதன் மிகக் கொடுமையான பாடத்தை வன்னி படித்தது கச்சானில் இல்லை. 2008இல் சண்டை கிழக்கு நோக்கி நகர நகர, ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்னால் இருந்த கேள்வி வெளிக்கிடுவதா, இன்னும் ஒரு கிழமை பொறுப்பதா என்பது. ஷெல் எவ்வளவு கிட்ட விழுகிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தது பக்கத்து வீட்டுக் கூரையை. அங்கே தகரம் கழற்றுகிற சத்தம் கேட்டால் இங்கேயும் கழற்றத் தொடங்குவார்கள். இங்கே கழற்றுவதைப் பார்த்து அடுத்த வீடு. தோமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலாளர் சின்னச் சின்ன முடிவுகள் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்துப் பெரும் பெயர்வாக மாறுவதைப் பற்றி 1978இல் ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

ஆடிப் பார்த்தால் என்ன

ஆந்திரப் பிரதேசத்தில் ஒரு முயற்சி நடந்தது. நிலத்தடி நீர் வற்றிக்கொண்டிருந்த கிராமங்களில் சூழலியல் பாதுகாப்புக்கான ஒரு இந்தியத் தொண்டு அமைப்பும், ரூத் மைன்சன்-டிக் முதலிய சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வாளர்களும் சேர்ந்து ஊர்க்காரரை ஒரு விளையாட்டு ஆடச் சொன்னார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவரும் தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பயிரோ, கூடக் குடித்துக் கூட வருமானம் தருகிற பயிரோ தெரிய வேண்டும். எல்லோரும் ஒரே நிலத்தடி நீரிலிருந்துதான் எடுக்கிறார்கள். சில சுற்று பேசாமல், சில சுற்று பேசிக்கொண்டு. முடிந்த பிறகு ஊர்க் கூட்டம் போட்டு, ஆட்டத்தில் என்ன நடந்தது என்று ஊரே பேச வேண்டும். ஆடின கிராமங்களில் பின்னாளில் தண்ணீர்க் கணக்கு எழுதிவைப்பதும் நீர்ப் பயன்பாட்டுக்கு விதி வகுப்பதும் ஆடாத கிராமங்களைவிடக் கூடுதலாக நடந்தன என்று 2018இல் வெளியான அவர்களின் ஆய்வு சொல்கிறது.

ஆடுகிறபோது ஒருவருக்குத் தன் நிலத்தடி நீர் எவ்வளவு என்று புதிதாக ஒன்றும் தெரியவருவதில்லை. தான் எடுத்ததும் அடுத்தவர் எடுத்ததும் ஒரே பலகையில், கண்ணுக்கு முன்னால், அரைமணிக்குள் குறைவது தெரிகிறது. நிஜத்தில் அதற்குப் பத்து வருடம் எடுக்கும். அதற்குள் யார் எடுத்தது என்பது மறந்துவிடும்.

வன்னிக்கு அந்த விளையாட்டை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. எங்களுக்குக் குறையாக இருப்பது கச்சானுக்கும் உழுந்துக்கும் பயறுக்கும் ஒரு அடிக்கணக்கு. பசளை மானியத்துக்காக நெல் ஏக்கரைக் கமநல சேவை நிலையத்தில் எப்படியும் பதிகிறார்கள். அதே மேசையில் மேட்டுப் பயிரையும் கேட்டு, பெயர் போடாமல், கமநல நிலைய வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதலாம்: இந்தப் பிரிவில் இதுவரை கச்சான் இத்தனை ஏக்கர், உழுந்து இத்தனை, பயறு இத்தனை. பக்கத்தில் போன வருட இலக்கம். போகம் முடிந்த பிறகு அறிக்கையில் அச்சாகிற புள்ளிவிபரத்தால் விதைக்கிறவனுக்குப் பயனில்லை. விதைக்குமுன், வாரத்துக்கு ஒருமுறை, சோக்கால்.

இதைச் சொன்னபோது புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கமக்காரர் சிரித்தார். "தம்பி, பலகையைப் பாத்திட்டு நான் மாத்திப் போடமாட்டனே? கச்சான் கூட எண்டு கண்டா நான் உழுந்துக்குப் போவன். என்னைப்போல எல்லாரும் போவினம். பிறகு உன்ர பலகை பொய்தானே?"

பொய்தான், முதல் கிழமையில். இரண்டாம் கிழமை அழித்து எழுதினால் அவர் போனதும் பலகையில் ஏறும். அதைப் பார்த்து வேறு யாராவது திரும்புவார்கள். மூன்றாம் கிழமை மறுபடி அழித்து எழுத வேண்டும். விதை நிலத்துக்குள் போகிற வரைக்கும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். "அப்ப உண்மையைச் சொல்லாமல் ஆக்களை வெருட்ட ஏக்கரைக் கூட்டிச் சொல்லுறவனை என்ன செய்யிறது?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார். இரணைமடுக் கூட்டத்தில் கூட்டிச் சொல்கிறவர்களை என்ன செய்கிறார்களோ அதைத்தான், என்றேன். பின்வரிசையிலிருந்து யாராவது எழும்பி, "எட இவன்ர காணி அவ்வளவு இல்லையே" என்பார்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முதலில் எந்தப் பயிருக்குப் பலகை வைக்கலாம் என்று கேட்டார். கச்சானுக்கு, என்றேன். "கச்சான் வேண்டாம், உழுந்துக்கு வையுங்கோ" என்றார் உடனே. இந்தமுறை அவர் கச்சான் போடப்போகிறார் போல.